தன்மைக் கூற்றும் தனிக்குரலும்

சிறுகதை எழுத முற்படும் இளைஞர்களுள் பலர் ‘நான்’ என்று தொடங்கும் தன்மைக் கூற்றையே முதலில் கையாளுகின்றனர். அஃது எளிது என்னும் எண்ணமே அதற்குக் காரணம். தாம் கண்டதையும் கேட்டதையும் தம் நடையிலேயே எழுதி, பெயரை மட்டும் மாற்றிவிட்டால் கதை அமைந்துவிடும் என்று அவர்கள் நம்புகின்றனர். ஆனால் அவ்வாறு எழுதப்பெற்ற கதைகள் பத்தினை அடுத்தடுத்துப் படித்துப் பார்ப்போமானால், பத்திலும் பேசுபவர் ஒருவரே என்று தோன்றுகிறது. ஏர் ஓட்டுபவர் ‘நான்’ என்கிறார். பள்ளி ஆசிரியை ‘நான்’ என்கிறார். தோல் பதனிடும் தொழிலாளி ‘நான்’ என்கிறார். பெயர் மாறுகிறது, தொழில் மாறுகிறது, குரல் மட்டும் மாறுவதில்லை.

தனிக்குரல் எங்ஙனம் பிறக்கிறது? வட்டார வழக்கை எழுத்தில் இறக்கிவிட்டால் பிறந்துவிடும் என்பாருளர். அது போதாது என்பதே நம் கருத்து. பேசுகின்றவன் யாரிடம் பேசுகிறான், எதனைப் பெறவோ காக்கவோ பேசுகிறான், எதனைச் சொல்லாமல் விடுகிறான் என்னும் மூன்றும் கூடும்பொழுதே ஒரு குரல் மற்றொரு குரலினின்றும் வேறுபடுகிறது. இவ்வுண்மையை இலக்கணம் வகுத்துக் கூறுவதினும் வரலாற்றால் விளக்குதல் நன்று. அதற்கு ஏற்ற சான்றாக, அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் சார்லஸ் செஸ்நட் என்பாரின் சிறுகதைகளை ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். அவர் எழுத்தாளர் ஆகுமுன் ஒடுக்கப்பட்டோர் பள்ளி ஒன்றின் ஆசிரியராகவும் தலைவராகவும் விளங்கியவர் என்பது, கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அவரை நினைவுகூரத் தனியொரு காரணமாகும்.

சான்று கூறிய ‘நான்’

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்மாநிலங்களில் அடிமை முறை நிலவிய காலத்தில், அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதே குற்றமாகக் கருதப்பட்டது. வட கரோலினா மாநிலம் 1830-31ஆம் ஆண்டின் சட்டமன்றக் கூட்டத்தில் அதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. இத்தகைய தடைகளைக் கடந்து, தப்பி வந்த அடிமைகள் சிலர் தம் வரலாற்றைத் தாமே எழுதினர். அவற்றுள் புகழ்மிக்கது, மேரிலாந்து மாநிலத்தில் பிறந்து 1838ஆம் ஆண்டில் தப்பிய பிரடெரிக் டக்ளஸ் 1845ஆம் ஆண்டில் வெளியிட்ட தன்வரலாறு. ‘அவராலேயே எழுதப்பெற்றது’ என்னும் தொடர் அந்நூலின் தலைப்பிலேயே இடம்பெற்றது. நூலின் முன்னே வில்லியம் லாயிட் காரிசன் எழுதிய முன்னுரையும், வெண்டல் பிலிப்ஸ் எழுதிய கடிதமும் அச்சாயின. அவ்விருவரும் வெள்ளையர், அடிமை ஒழிப்பு இயக்கத்தின் முன்னணியில் நின்றவர்கள்.

அடிமையாய் இருந்த ஒருவர் ‘நான்’ என்று சொன்னால், அதனை நம்பலாம் என்று வேறு இருவர் கையொப்பமிட வேண்டியிருந்தது. அந்த ‘நான்’ வழக்குமன்றத்துச் சாட்சிக் கூண்டில் நின்று பேசும் ‘நான்’. ஓர் ஊரின் பெயரோ ஓர் ஆளின் பெயரோ பிழைபட்டுவிட்டால் முழு வரலாறும் பொய்யென்று தள்ளப்படும் நிலையில் அது பேசியது. ஆகவே தெளிவும் துணிவும் அதன் அணிகலன்களாயின. புனைவுக்கு அதில் இடமில்லை. சாட்சி கூறுபவனாக மட்டுமன்றிக் கதைகூறுபவனாகவும் தலைநிமிரும் உரிமை அதற்கு இன்னும் வந்து சேரவில்லை.

இரவல் குரல்

1865ஆம் ஆண்டில் அமெரிக்க அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. எனினும் 1877ஆம் ஆண்டில் நடுவண் அரசின் படைகள் தெற்கிலிருந்து விலக்கப்பட்டபின், பழைய பண்ணை முதலாளிகளின் ஆதிக்கம் மீண்டும் தழைத்தது. அக்காலத்தில் வடபகுதி இதழ்களின் வாசகர்கள் பழைய பண்ணை வாழ்வைப் பற்றிய கதைகளை விரும்பிப் படிக்கலாயினர்.

ஜார்ஜியா மாநிலத்து வெள்ளையர் ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ் 1880ஆம் ஆண்டில் ‘அங்கிள் ரீமஸ்’ கதைகளை நூலாக வெளியிட்டார். ரீமஸ் என்னும் முதிய கறுப்பினத்தவர் ஒரு வெள்ளைச் சிறுவனுக்கு முயல், நரிக் கதைகளைச் சொல்வதாக அந்நூல் அமைந்தது. அக்கதைகள் கறுப்பின மக்களின் வாய்மொழிச் செல்வம். அவற்றைத் தொகுத்துக் காத்த பயனை நாம் மறுக்கவில்லை. 1884ஆம் ஆண்டில் வர்ஜீனியாவைச் சேர்ந்த தாமஸ் நெல்சன் பேஜ், ‘மார்ஸ் சான்’ என்னும் சிறுகதையை ‘செஞ்சுரி’ இதழில் வெளியிட்டார். சாம் என்னும் முன்னாள் அடிமை, போரில் மாண்ட தன் ஆண்டையின் பெருமையைத் தன் வாயாலேயே பாடுவதும், அடிமைக் காலமே நற்காலம் என்று ஏங்குவதும் அக்கதையில் உள்ளன.

இந்நூல்களில் பேச்சு வழக்கு இல்லாமலில்லை. ஒலிகளைக் கூர்ந்து கேட்டு எழுத்துக் கூட்டி எழுதியிருந்தனர். ஆயினும் அந்தக் குரல் இரவல் குரல். நாவு அடிமையுடையது, நினைப்பு ஆண்டையுடையது. சாட்டையடி பட்டவனே, அடித்தவன் நல்லவன் என்று சான்று பகர்வதுபோல் அக்கதைகள் அமைந்தமையால், சட்ட நூல்கள் செய்ய இயலாத தீங்கினை அவை செய்தன. தன்மைக் கூற்றின் ஆற்றல் எத்துணைப் பெரியது என்பதும், அது பிறர் கையில் சிக்கினால் எத்துணைக் கேடு பயக்கும் என்பதும் இதனால் விளங்கும்.

பள்ளியிலிருந்து எழுந்த எழுத்தாளர்

சார்லஸ் செஸ்நட் 1858ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் ஒஹாயோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரில் பிறந்தார். அடிமைத் தளையற்ற கறுப்பினக் குடும்பம் அவருடையது. உள்நாட்டுப் போர் முடிந்தபின் அக்குடும்பம் தன் பழைய ஊராகிய வட கரோலினாவின் ஃபேயட்வில் நகருக்குத் திரும்பியது. 1867ஆம் ஆண்டில் அவ்வூர்க் கறுப்பினப் பெரியோர் எழுவர், தம் பிள்ளைகளுக்குப் பள்ளி அமைக்கும் பொருட்டு 136 டாலர் கொடுத்து நிலம் வாங்கினர். அவ்வெழுவருள் ஒருவர் செஸ்நட்டின் தந்தை ஆண்ட்ரூ ஜாக்சன் செஸ்நட். அந்நிலத்தில் எழுந்த ஹாவர்டு பள்ளியில் சிறுவர் சார்லஸ் பயின்றார். பதின்ம வயதிலேயே ஆசிரியப் பணியும் ஏற்றார். 1877ஆம் ஆண்டில் அப்பள்ளி கறுப்பின ஆசிரியர்களைப் பயிற்றும் அரசுப் பள்ளியாயிற்று. 1880ஆம் ஆண்டில் அதன் தலைவர் மறைந்தபொழுது, இருபத்திரண்டு வயதளவில் இருந்த செஸ்நட் அப்பொறுப்பில் அமர்ந்தார். அப்பள்ளியே வளர்ந்து இன்று ஃபேயட்வில் அரசுப் பல்கலைக்கழகமாகத் திகழ்கிறது. அதன் நூலகம் செஸ்நட்டின் பெயரைத் தாங்கி நிற்கிறது. எழுவர் கூடி வாங்கிய நிலம் என்ன விளைவித்தது என்பதை நம் சங்கத்தார் எண்ணிப் பார்த்தல் தகும்.

1880ஆம் ஆண்டின் மே மாதத்தில் செஸ்நட் தம் நாட்குறிப்பில் ஓர் உறுதியை எழுதி வைத்தார். தாம் எழுதப்போகும் நூல்களின் நோக்கம் கறுப்பினத்தவரை உயர்த்துவது என்பதினும், வெள்ளையரை உயர்த்துவதே என்பது அதன் கருத்து. நோய் யாரிடத்தில் உள்ளதோ அவர்களுக்கே மருந்து வேண்டும் என்று அவர் துணிந்தார். வலிந்து சொன்னால் கேளார். ஆகவே அவர்கள் அறியாமலே அவர்கள் உள்ளத்துள் புக வேண்டும் என்றும் எண்ணினார். யாரிடம் பேசுகிறோம் என்பதை அவர் தம் கதைகள் புகழ் பெறுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே முடிவு செய்துவிட்டார் என்பது நோக்கத்தக்கது.

1883ஆம் ஆண்டில் அவர் பள்ளியை விட்டு நீங்கினார். சுருக்கெழுத்தைத் தாமே கற்றுத் தேர்ந்து, முதலில் நியூயார்க்கிலும் பின்னர்க் கிளீவ்லாந்திலும் பணியாற்றினார். 1887ஆம் ஆண்டில் ஒஹாயோவின் வழக்கறிஞர் தேர்வில் முதன்மையாகத் தேறினார். பிறர் பேசுவதைச் சொல் பிசகாமல் எழுதுவதே அவர் தொழில். சாட்சி சொல்பவர் எங்கே தயங்குகிறார், எதனை விழுங்குகிறார், எதனைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்பதை நாள்தோறும் கேட்டு எழுதிய செவி, கதைக்கும் துணைசெய்திருக்கும் என்று நாம் கருதுவதில் தவறில்லை.

திராட்சைத் தோட்டத்தில் இரண்டு ‘நான்’

1887ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்து ‘அட்லாண்டிக் மன்த்லி’ இதழில் செஸ்நட்டின் ‘தி கூஃபர்ட் கிரேப்வைன்’ வெளிவந்தது. ‘சூனியம் வைத்த திராட்சைக்கொடி’ என்று அதனைத் தமிழில் கூறலாம். கறுப்பின எழுத்தாளர் ஒருவரின் புனைகதை அவ்விதழில் இடம்பெற்றது அதுவே முதன்முறை. எழுதியவர் இன்ன இனத்தவர் என்பதை அன்றைய வாசகர் அறியார்.

அக்கதையில் ‘நான்’ என்று தொடங்குபவர் ஜான் என்னும் வெள்ளையர். ஒஹாயோவிலிருந்து, நோயுற்ற மனைவி ஆனியின் உடல்நலத்துக்காகத் தெற்கே வருகிறார். பாழடைந்த திராட்சைத் தோட்டம் ஒன்றை வாங்கக் கருதுகிறார். அங்கே ஒரு மரக்கட்டையின் மீது அமர்ந்து திராட்சை தின்றுகொண்டிருக்கிறார் ஜூலியஸ் என்னும் முதியவர். அவர் முன்னாள் அடிமை. ‘இத்தோட்டத்திற்குச் சூனியம் வைத்திருக்கிறது, வாங்க வேண்டா’ என்று சொல்லித் தம் கதையைத் தொடங்குகிறார். அங்கே இரண்டாவது ‘நான்’ பிறக்கிறது.

ஜூலியஸ் சொல்லும் கதை இது: பழைய ஆண்டை, தம் அடிமைகள் திராட்சையைத் தின்றுவிடாதபடி, பெக்கி என்னும் மந்திரக்காரிக்குப் பத்து டாலர் கொடுத்துச் சூனியம் வைக்கச் செய்கிறார். தின்றவர் ஓராண்டிற்குள் மடிவர் என்பது ஏற்பாடு. புதிதாக வந்த ஹென்றி என்னும் அடிமை அறியாமல் தின்றுவிடுகிறான். மாற்று மருந்தாகக் கொடியின் சாற்றைத் தலையில் தேய்த்துக்கொள்ளவே, அவன் உயிரும் கொடியின் உயிரும் ஒன்றாகிவிடுகின்றன. இளவேனிலில் கொடி தளிர்க்கும்பொழுது அவன் வழுக்கைத் தலையில் முடி முளைத்து இளைஞனாகிறான். இலையுதிர் காலத்தில் தளர்ந்து கிழவனாகிறான். இதனைக் கண்ட ஆண்டை, இளவேனிலில் அவனை 1,500 டாலருக்கு விற்று, அவன் நலிந்தபின் 500 டாலருக்குத் திரும்ப வாங்குகிறார். ஐந்தாண்டுகள் இவ்வணிகம் நடக்கிறது; மற்றொரு பண்ணை வாங்கும் அளவுக்குப் பணம் சேர்கிறது. பின்னர் வடபுலத்து வல்லுநர் ஒருவர் சொற்கேட்டு, விளைச்சலைப் பெருக்கும் பேராசையால் வேர் வெளிப்படத் தோண்டவே, கொடிகள் பட்டுப்போகின்றன. ஹென்றியும் மாய்கிறான்.

இதனை ஜூலியஸ் அழுது சொல்லவில்லை. ஆண்டையை ஒரு சொல்லாலும் பழிக்கவில்லை. ஆண்டையின் சாமர்த்தியத்தை வியப்பவர்போலவே சொல்லிச் செல்கிறார். மனிதனைப் பருவத்திற்கொரு விலை வைத்து விற்றதன் கொடுமையைக் கேட்பவரே கணக்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ‘அடிமை முறை தீயது’ என்று ஜூலியஸ் சொல்லியிருந்தால், முதலாளியிடம் வேலை வேண்டி நிற்கும் முதியவரின் குரலாக அஃது இராது. மேடைப் பேச்சாளரின் குரலாகவே ஒலிக்கும். சொல்லாமல் விட்டதனாலேயே அது ஜூலியஸின் குரலாயிற்று.

ஜானின் குரலும் அங்ஙனமே தனித்து நிற்கிறது. மண்வளம், கூலி, விலை என்று கணக்குப் பார்க்கும் நடையில் அவர் பேசுகிறார். கதை கேட்டபின்னும் தோட்டத்தை வாங்கிவிடுகிறார். ஜூலியஸ் அத்தோட்டத்துக் குடிலில் பல்லாண்டு வாழ்ந்து, பழங்களை விற்று வருவாய் பெற்றவர் என்று பின்னர் அறிந்து, ‘இதற்காகத்தான் கிழவர் கதை கட்டினார்’ என்று முடிவு கட்டுகிறார். அவரை வண்டியோட்டியாக அமர்த்திக்கொள்கிறார். ஜான் சொல்வது பொய்யன்று. பிழைப்பைக் காக்கவே ஜூலியஸ் பேசினார். ஆனால் அது முழு உண்மையும் அன்று. பிழைப்புக்குச் சொன்ன கதைக்குள்ளே ஓர் இனத்தின் வரலாறு அடங்கியிருப்பதை ஜான் காணவில்லை. அவர் காணத் தவறியதை அவர் வாய்மொழி வழியாகவே வாசகர் காண்கின்றனர். ஒருவர் அறிந்து மறைக்கிறார். மற்றவர் அறியாமல் வெளிப்படுத்துகிறார். இரண்டு ‘நான்’களுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

கேட்பவரால் அமையும் குரல்

1888ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிவந்த ‘போ சாண்டி’ என்னும் கதை இதனை இன்னும் தெளிவாக்கும். சாண்டி திறமையான உழைப்பாளி. அதனால் அவனை ஆண்டையின் பிள்ளைகள் மாறிமாறி இரவல் வாங்குகின்றனர். ஓரிடத்தில் நிலையாய் நிற்க முடியாத அவன், மரமாகவோ கல்லாகவோ இருந்திருக்கலாமே என்று ஏங்க, மந்திரம் அறிந்த அவன் மனைவி டென்னி அவனைத் தேவதாரு மரமாக்குகிறாள். அவள் வேற்றூருக்கு அனுப்பப்பட்ட வேளையில் அம்மரம் வெட்டப்பட்டு, மரம் அறுக்கும் ஆலையில் பலகையாகிறது. அப்பலகையால் எழுந்த அடுக்களையில் முனகல் ஒலி கேட்கிறது என்று ஒருவரும் தங்குவதில்லை. பின்னர் அதே பலகைகள் பள்ளிக்கூடம் கட்டப் பயன்படுகின்றன.

ஜான் தம்பதியர் அப்பழைய பள்ளிக்கூடத்துப் பலகைகளைப் பிரித்துத் தமக்கு அடுக்களை கட்ட எண்ணும் வேளையில்தான் ஜூலியஸ் இதனைச் சொல்கிறார். ஆனி மனம் கலங்குகிறார். புதுப்பலகை வேண்டும் என்கிறார். சில நாள் கழித்து, ஜூலியஸும் அவர்தம் சபையாரும் அக்கட்டடத்தில் வழிபாடு நடத்த இசைவு பெற்றனர் என்று அறிகிறோம். இங்கே கவனிக்க வேண்டியது, ஒரே கதையைக் கேட்கும் இருவர் இருவேறு செவி உடையவர் என்பது. ஜான் தந்திரத்தைக் கேட்கிறார். ஆனி துயரத்தைக் கேட்கிறார். இருவர் முகத்தையும் பார்த்தே ஜூலியஸ் தம் சொல்லைத் தேர்கிறார். கேட்பவர் இன்னார் என்று அறியாத குரல், வெற்றிடத்தில் ஒலிக்கும் குரல். அதற்கு ஏற்றமும் இறக்கமும் அமைவதில்லை.

1889ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டேவ்ஸ் நெக்லிஸ்’ கதையில் மந்திரமும் இல்லை. எழுத்தறிந்த, வேதநூல் ஓதும் டேவ் என்னும் அடிமை மீது பன்றித்தொடை இறைச்சியைத் திருடியதாகப் பொய்ப்பழி சுமத்தி, அவ்விறைச்சியையே சங்கிலியால் அவன் கழுத்தில் கட்டிவிடுகின்றனர். காலப்போக்கில் தானே அவ்விறைச்சி என்று நம்பும் அளவுக்கு மனம் சிதைந்து, இறைச்சிக்குப் புகையூட்டும் கொட்டிலில் அவன் தூக்கிட்டு மாள்கிறான். இத்தகைய கொடுங்கதையையும் ஜூலியஸ், முதலாளி வீட்டில் இட்ட அதே வகை இறைச்சியை உண்டு முடித்த கையோடு சொல்கிறார். இழிவு சுமத்தப்பட்டவன் தன்னையே இழிந்தவனென்று எண்ணத் தொடங்கும் கொடுமையை இத்துணைச் சிறிய கதையில் இத்துணைத் தெளிவாகக் காட்டியவர் சிலரே. அதன் பொருளை நம் மக்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

பேச்சுவழக்கின் அளவு

வட்டார வழக்கை எவ்வளவு எழுதுவது என்னும் வினா இன்றும் எழுகிறது. செஸ்நட் 1898ஆம் ஆண்டில் பதிப்பாசிரியர் வால்டர் ஹைன்ஸ் பேஜுக்கு எழுதிய கடிதத்தில் இதுபற்றிக் கூறியுள்ளார். கறுப்பினத்தவர் வழக்கு என்று தனியே ஒன்று உண்மையில் இல்லை. எழுத்தறியாத முதியவர் ஆங்கிலத்தை இப்படிப் பேசுவார் என்று கருதப்படுவதை, ஒலிக்குறிப்புத் தோன்ற எழுதும் முயற்சியே அப்பெயர் பெற்றது என்பது அவர் கருத்து. ஒலியை முழுதும் பதிந்தால் படிக்க முடியாது. பதியாவிட்டால் சுவை குன்றும். இரண்டிற்கும் நடுவே செல்ல வேண்டும் என்று அவர் கண்டார்.

இதில் நமக்குப் பாடம் உண்டு. வழக்குச் சொல் குரலுக்கு உடை போன்றது. உடையை மட்டும் மாற்றி ஆளை மாற்றிவிட்டதாகக் கொள்ளலாகாது. ரீமஸும் சாமும் ஜூலியஸும் ஏறக்குறைய ஒரே வழக்கில் பேசுகின்றனர். ஆயினும் சாம் ஆண்டைக்காகப் பேசுகிறான். ஜூலியஸ் தமக்காகவும் தம் மக்களுக்காகவும் பேசுகிறார்.

நம் ஊர்ப்புறத்திலும் இதனைக் காணலாம். கூலி வேலை செய்யும் தாய் ஒருத்தி, களத்துமேட்டில் நிலக்காரரிடம் நெல் கேட்கும்பொழுது ஒரு வகையாகப் பேசுகிறாள். குழாயடியில் அயல்வீட்டாரிடம் அதே செய்தியைச் சொல்லும்பொழுது வேறு வகையாகப் பேசுகிறாள். இரவில் தன் பிள்ளையிடம் சொல்லும்பொழுது மற்றொரு வகை. மூன்றிடத்தும் வழக்கு ஒன்றே; குரல் மூன்று. அவற்றுள் எந்தக் குரலில் கதை நடக்கிறது என்பதை முடிவு செய்யாமல் எழுதுகோலை எடுப்பவர், எத்தனை வழக்குச் சொற்களைப் பெய்தாலும் கதை பேசாது.

குரலுக்கு நேர்ந்த விலை

ஜூலியஸின் குரல் செஸ்நட்டுக்குப் புகழைத் தந்தது, தளையாகவும் ஆயிற்று. 1889ஆம் ஆண்டிலேயே, அம்முதியவரையும் அவ்வழக்கையும் இனிக் கைவிட எண்ணுவதாக அவர் ஒரு கடிதத்தில் குறித்தார். படித்த கறுப்பினத்தவரின் வாழ்வையும், கலப்பினத்தவரின் இடர்ப்பாட்டையும் எழுத அவர் விழைந்தார். ஆனால் பதிப்பகத்தார் மந்திரக் கதைகளையே வேண்டினர். அதற்கிணங்க 1898ஆம் ஆண்டில் சில வாரங்களில் மேலும் ஆறு கதைகளை எழுதினார். அவற்றுள் சிலவும் பழைய கதைகளும் சேர்ந்து, ஏழு கதைகள் கொண்ட ‘தி கஞ்சர் உமன்’ என்னும் நூல் 1899ஆம் ஆண்டில் வெளிவந்தது. டேவின் கதை அதில் இடம்பெறவில்லை.

செஸ்நட்டின் தோற்றம், வெள்ளையர் என்று சொன்னால் நம்பத்தக்கது. பெயரை மறைத்து வேற்றூரில் வெள்ளையராக வாழ்ந்திருக்க அவரால் இயலும். அவர் அதனை ஏற்கவில்லை. அவ்வாறு மறைந்து வாழ்வோரின் துன்பத்தை ‘தி ஹவுஸ் பிஹைண்ட் த சீடர்ஸ்’ என்னும் புதினமாக 1900ஆம் ஆண்டில் எழுதினார். 1898ஆம் ஆண்டில் வட கரோலினாவின் வில்மிங்டன் நகரில் கறுப்பின மக்கள் கொல்லப்பட்ட கொடுமையை அடிப்படையாகக் கொண்டு, ‘தி மாரோ ஆஃப் டிரடிஷன்’ என்னும் புதினத்தை 1901ஆம் ஆண்டில் வெளியிட்டார். நேர்நின்று குற்றம் சாட்டிய அந்நூலை, கதை கேட்டு மகிழ்ந்த வாசகர் கூட்டம் வரவேற்கவில்லை. 1905ஆம் ஆண்டுப் புதினமும் விலைபோகாமையால், சுருக்கெழுத்துத் தொழிலையே அவர் பற்றுக்கோடாகக் கொண்டார். 1928ஆம் ஆண்டில் கறுப்பின முன்னேற்றச் சங்கம் ஸ்பிங்கார்ன் பதக்கம் அளித்துப் போற்றியது. 1932ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். 2008ஆம் ஆண்டில் அமெரிக்க அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தலை வெளியிட்டது. குரலை விரும்பியவர்கள் அக்குரல் சொன்ன பொருளை ஏற்க நாளாயிற்று.

நம் நாட்டில் எழுந்த ‘நான்’

அமெரிக்க அடிமை ஒழிப்பு வரலாற்றுக்கும் இந்திய ஒடுக்கப்பட்டோர் இயக்கத்துக்கும் உள்ள உறவு நெடியது. மகாத்மா ஜோதிராவ் புலே 1873ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘குலாம்கிரி’ நூலை, அடிமை ஒழிப்புக்குப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். 1972ஆம் ஆண்டில் பம்பாயில் தோன்றிய தலித் சிறுத்தைகள் இயக்கம், கறுப்புச் சிறுத்தைகளின் பெயரை ஒட்டியே பெயர் கொண்டது.

சான்று கூறும் ‘நான்’ நம் நாட்டிலும் முதலில் எழுந்தது. டாக்டர் அம்பேத்கர் எழுதிய ‘விசாவிற்காகக் காத்திருத்தல்’ என்னும் குறுநூல், மக்கள் கல்விக் கழகத்தால் 1990ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்றது. தீண்டாமையின் தன்மையை அறியாத அயல்நாட்டவருக்கு விளக்குவதாக அது தொடங்குகிறது. கேட்பவர் யார் என்பதை முதலிலேயே வரையறுத்துக்கொண்டமையால், சிறுவயதில் தாம் மேற்கொண்ட தொடர்வண்டிப் பயணத்தையும், மாட்டு வண்டிக்கு இருமடங்கு கூலி கொடுத்தும் தாமே ஓட்டிச் செல்ல நேர்ந்ததையும் அவர் ஆரவாரமின்றி எடுத்துரைக்கிறார். சினம் சொற்களில் இல்லை. படிப்பவர் உள்ளத்தில் எழுகிறது.

புனைகதையில் அந்த ‘நான்’ ஓங்கி ஒலித்தது மராட்டியத்தில். நாசிக்கில் 1930ஆம் ஆண்டில் பிறந்த பாபுராவ் பாகூல், ‘ஜெவ்ஹா மீ ஜாத் சோரலீ ஹோதீ’ என்னும் சிறுகதைத் தொகுதியை 1963ஆம் ஆண்டில் வெளியிட்டார். ‘நான் சாதியைத் திருடியபோது’ என்பது அத்தலைப்பின் நேர்ப்பொருள். மறைத்தபோது என்று சொல்லவில்லை, திருடியபோது என்கிறார். தன் சாதியைத் தானே சொல்லாமலிருப்பது திருட்டாகக் கருதப்படும் உலகம் எத்தகையது என்பதை அவ்வொரு வினைச்சொல் காட்டிவிடுகிறது. தலைப்புக் கதையில் ரயில்வே வேலை பெற்று வேற்றூர் செல்லும் இளைஞன், சாதியை மறைத்துத் தங்குகிறான். உண்மை வெளிப்பட்டதும் அடிபடுகிறான்.

ஜூலியஸ் மறைத்தது தம் எண்ணத்தை. இவ்விளைஞன் மறைப்பது தன் பிறப்பை. பக்கத்திலிருப்போரிடம் அவன் பேசும் பேச்சு ஒன்று. நம்மிடம் சொல்லும் சொல் மற்றொன்று. இவ்விரண்டிற்கும் நடுவே உள்ள இடைவெளியே அக்கதையின் குரல். அடுத்த நொடி பிடிபடுவோமோ என்னும் அச்சத்தில் நடக்கும் மனத்தின் விரைவு அந்நடையில் இருக்கிறது. செஸ்நட்டின் நிதானத்தை அங்கே எதிர்பார்த்தல் ஆகாது. சூழல் வேறு, கேட்பவர் வேறு, இழக்கப்போவது வேறு. ஆகவே குரலும் வேறு. 1992ஆம் ஆண்டில் பாமாவின் ‘கருக்கு’ தமிழில் வெளிவந்தபொழுது, தன்வரலாறு புனைவோடு இணைந்து, நம் தெருவின் பேச்சிலேயே ஒரு பெண்ணின் ‘நான்’ எழுந்தது. இலக்கியத் தமிழ் இதுவோ என்று ஐயுற்றவர்களும் பின்னர் அதன் ஆற்றலை உணர்ந்தனர்.

மாணவர்க்குச் சில சொற்கள்

இவ்வரலாற்றால் நாம் பெறும் முடிவு ஒன்றே. நம் குரலில் நாம் பேசாவிடில், பிறர் நம் வாயால் தம் கருத்தைப் பேசுவர். ரீமஸும் சாமும் அதற்குச் சான்று. ஆனால் நம்மவர் எழுதினார் என்பதனாலேயே குரல் அமைந்துவிடாது. செஸ்நட் ஆசிரியர்; பல நூல் கற்றவர்; தம் சொந்த நடையில் எழுதியிருந்தால் எழுத்தறியாத ஜூலியஸ் பிறந்திரார். தம்மை ஒதுக்கி நிறுத்தி, அம்முதியவர் அறிந்ததையும் அஞ்சியதையும் விரும்பியதையும் எண்ணிப் பார்த்தமையாலேயே அவர் உயிர் பெற்றார்.

தன்மைக் கூற்றில் கதை எழுத விரும்பும் நம் மாணவர், முதல் வரியை எழுதுமுன் மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்ளட்டும். இவர் யாரிடம் சொல்கிறார்? சொல்வதனால் எதனைப் பெறவோ காக்கவோ எண்ணுகிறார்? எதனைச் சொல்லத் துணியவில்லை, அல்லது எதனைத் தாமே அறியவில்லை? இவற்றுக்கு விடை கிடைத்தபின், சொற்கள் தாமே தத்தம் இடத்தில் வந்தமரும். விடை கிடைக்காவிடில், சொல்லலங்காரம் எத்துணைச் சேர்த்தாலும் ஆசிரியர் குரலே கேட்கும்.

நம் சேரிகளிலும் குடியிருப்புகளிலும் கதை சொல்லும் முதியோர் இன்னும் உள்ளனர். அவர்கள் சொல்வதை மட்டுமன்றி, யார் வந்ததும் பேச்சை மாற்றுகின்றனர், எவ்விடத்தில் நிறுத்துகின்றனர், எதற்குச் சிரித்து மழுப்புகின்றனர் என்பதையும் நம் பிள்ளைகள் செவிகொடுத்துக் கேட்டல் வேண்டும். எழுத்தறிவு நமக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டது; இன்று அது கைவந்துள்ளது. மனு எழுதவும் தேர்வு எழுதவும் பயன்படும் அவ்வெழுத்து, அம்முதியோரின் குரலை அவர்தம் குரலாகவே பதிந்து வைக்கவும் பயன்படுமாயின், நம் முன்னோர் பள்ளிக்கென்று இட்ட ஒவ்வொரு காசும் பயனுடையதாகும்.